குடும்பம் ஒன்று, ஆட்கள் ஐந்து

சேலத்தில் எங்களுக்காகச் சொல்லிவைத்திருந்த சத்திரத்து அறையில் பெரியப்பா துண்டை விரித்துப் படுத்திருந்தார். யார்மேல் வழக்குப் போட்டுவிட்டு நாங்கள் பஸ் ஏறி வந்தோமோ, அதே பெரியப்பா. கால்மேல் கால் போட்டுக்கொண்டு, எங்களைப் பார்த்ததும், "வாங்க வாங்க, ஏன் இத்தனை நேரம்?" என்றார். எனக்கு அப்போது பதினொரு வயது. இப்போது நினைத்தாலும் அந்தக் காலைப் பிடித்து இழுத்துக் கீழே போடலாமா என்று வருகிறது.

வழக்கு என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் ஒரு சத்திரத்து அறைக்கு இத்தனை ரகளையா என்று உங்களுக்குத் தோன்றும்.

எங்கள் ஊர் ஜேடர்பாளையத்துக்குப் பக்கம். வாய்க்கால் பாயும் மண். நெல்லும் வெற்றிலையும் வைத்திருந்தோம். அப்பாவும் பெரியப்பாவும் இரண்டே பேர். எங்கள் பக்கத்தில் அண்ணன் தம்பி பிரிவதற்கு யாரும் முதலில் பத்திரம் எழுத ஓட மாட்டார்கள். தம்பிக்காரன் வேறோர் இடத்தில் மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு வைப்பான். அவன் பெண்டாட்டி அதில் உலை வைப்பாள். நாலு பேர் வந்து பார்ப்பார்கள். அன்றோடு குடும்பம் இரண்டு. எந்த வயல் யாருக்கு என்று வாயால் பேசிக்கொள்வார்கள். பத்திரமெல்லாம் அறுப்பு முடிந்து கை ஓய்ந்த பிறகுதான். அப்பாவும் அப்படித்தான் கிணற்றுமேட்டில் ஓர் ஓலைச் சாளை கட்டி, அங்கே அடுப்பு வைத்துப் பிரிந்து வந்தார். இரண்டு வருஷம் தனியாகப் பயிர் வைத்தார். பத்திரம் எழுதுவதற்குள் விஷக்காய்ச்சலில் போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததுமே பெரியப்பா ஆரம்பித்துவிட்டார். "எந்தம்பி எப்பப் பிரிஞ்சான்? ஒரே குடும்பந்தானே" என்றார். அவர் சாதாரணமாகச் சொன்ன அந்த வார்த்தைக்குள் எங்கள் நிலம் முழுக்க இருந்தது. பிரியாத குடும்பம் என்றால், அந்தக் காலத்துச் சட்டப்படி, ஆண்பிள்ளை இல்லாத விதவைக்கு ஒரு சாண் மண் கிடையாது. கஞ்சிக்கு ஏதாவது அளந்து போடுவார்கள், ஒண்டிக்கொள்ள ஒரு மூலை காட்டுவார்கள். பிரிந்த குடும்பம் என்றால் அப்பாவின் பங்கு அம்மா கைக்கு வரும். எங்கள் வீட்டில் நானும் என் தங்கையும்தான். அதனால் அடுப்பு ஒன்றா இரண்டா என்பதுதான் வழக்கே.

அடுப்பு வைத்த அன்று வந்து பொங்கல் தின்றுவிட்டுப் போனவர்கள் எல்லாரும், சாட்சிக்குக் கூப்பிட்டதும், வேறு பக்கம் பார்த்தார்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவர் மட்டும், "நான் பாத்தேன், வந்து சொல்றேன்" என்றார். அவர் நல்லா இருக்கட்டும்.

சேலத்து வக்கீல் எங்களை மூன்று நாள் வந்து தங்கச் சொல்லியிருந்தார். சத்திரத்தில் இடமும் அவருடைய குமாஸ்தாதான் சொல்லிவைத்தார். வக்கீல் அம்மாவிடம் ஒன்றே ஒன்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னார்: "அவங்களும் சேலத்துக்குத்தான் வருவாங்க. வழியில தெருவுல பாத்தா ஒட்டிக்காதீங்க. அவங்க அடுப்புல ஒரு வேளை சாப்பிட்டாலும் அதைக் கொண்டுபோய்க் கோர்ட்டுல கொட்டுவாங்க."

தெருவில் பார்த்தால் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கலாம். நம் அறையிலேயே படுத்திருந்தால் என்ன செய்வது?

நடந்தது இதுதான். குமாஸ்தா சத்திரத்தில் அம்மாவின் பெயரைச் சொல்லவில்லை. பெண்பிள்ளை பெயரைச் சொல்லி, அதுவும் புருஷன் இல்லாதவள் பெயரைச் சொல்லி, அந்தக் காலத்தில் யார் அறை கேட்பார்கள்? எங்கள் தாத்தா காலத்து வீட்டுப் பெயரைச் சொல்லி, இன்ன ஊரிலிருந்து ஒரு குடும்பம் வருகிறது என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அந்த வீட்டுப் பெயர் எங்களுக்கும் உண்டு, பெரியப்பாவுக்கும் உண்டு. பெரியப்பா பெரியம்மாவைச் சமையலுக்கென்று கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கியிருக்கிறார். சத்திரத்து மணியக்காரர், "நீங்கதானா அது?" என்று கேட்டிருக்கிறார். இவரும், "நாங்கதான்" என்றிருக்கிறார். தெரியாமல் சொன்னாரா, தெரிந்தேதான் சொன்னாரா என்று என் தங்கையும் நானும் இன்றைக்கும் சண்டை போடுவோம். அவள் நல்ல மனசுக்காரி. நான் சொல்கிறேன், தெரிந்தேதான் சொன்னார்.

எங்களோடு துணைக்கு வந்தது மாமன், அம்மாவின் தம்பி. வாயில்லாப் பூச்சி. அறை வாசலில் பெரியப்பாவைப் பார்த்ததுமே, "பரவால்லக்கா, மூணு நாள்தானே" என்று மூட்டையை உள்ளே வைக்கப் போனார். அம்மா மூட்டையைப் பிடுங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு நேரே மணியக்காரரிடம் போனாள்.

மணியக்காரர் கூடத்து மூலையில் ஒரு சின்ன ஜன்னலுக்குப் பக்கத்தில் சாய்வு மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். நெற்றி நிறையத் திருநீறு, மேஜைமேல் தடித்த பேரேடு.

"ஏனுங்க, எங்களுக்குச் சொன்ன எடத்துல அவிங்க இருக்காங்களே" என்றாள் அம்மா.

"உங்க மூத்தார்தானேம்மா? ஒரே குடும்பம்னு சொல்லித்தான் எழுதச் சொன்னார். பின்னால தம்பி சம்சாரமும் கொழந்தைகளும் வருதுன்னும் சொன்னார். எல்லாம் எழுதியாச்சு. உள்ள போய் உக்காருங்க."

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. என் தலையைப் பிடித்து அந்தப் பேரேட்டின் பக்கம் திருப்பினாள். "என்ன எழுதியிருக்குன்னு படி அம்மிணி."

நான் நாலாம் வகுப்பு வரை படித்தவள். விரல் வைத்துப் படித்தேன். "குடும்பம் ஒன்று, ஆட்கள் ஐந்து" என்று இருந்தது. தலைவர் என்ற இடத்தில் பெரியப்பா பெயர். அதன் கீழே, மனைவி, காலஞ்சென்ற தம்பியின் மனைவி, பெண் குழந்தைகள் இரண்டு. மாமன் கணக்கிலேயே இல்லை.

அம்மா அங்கேயே மூட்டையை இறக்கிவைத்தாள். "அதை அடிச்சுப் போடுங்க. குடும்பம் ரெண்டுன்னு எழுதுங்க."

"அடித்தல் திருத்தல் இருந்தா தருமகர்த்தா என்னைக் கேப்பாரும்மா. அதுவுமில்லாம இருக்கிறது ஒரே அறை. ரெண்டு குடும்பம்னா ரெண்டு அறை குடுக்கணும். நான் எங்க போக?"

"எனக்கு அறையே வேண்டாங்க. எழுதுனாப் போதும்."

மணியக்காரர் அம்மாவை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அறை வேண்டாம், எழுத்து போதும் என்று கேட்டு அவரிடம் யாரும் வந்திருக்க மாட்டார்கள். "எழுதறதுன்னா யார் பேர்ல எழுத? குடும்பம்னா ஒரு ஆம்பளை பேர் வேணும். இவர் யாரு, தம்பியா? வேணும்னா இவர் பேர்ல எழுதறேன்."

மாமன் ஓர் அடி முன்னால் வந்தார். அவருடைய வாழ்நாளில் அப்படி முன்னால் வந்தது அந்த ஒரு தடவைதான்.

"வேண்டாங்க" என்றாள் அம்மா. "என்னையக் கட்டிக் குடுத்தாச்சு. நான் எந்தம்பி குடும்பம் இல்லீங்க."

"அப்ப நாளைக்குப் பாக்கலாம்" என்று அவர் பேரேட்டை மூடினார்.

வக்கீலிடம் சொல்லி வர மாமனை அனுப்பிவிட்டு, அம்மா அங்கேயே மேஜைக்கு எதிரில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். அந்த நேரத்தில்தான் நான் அந்தத் துரோகத்தைச் செய்தேன். வேறு நல்ல வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை.

விடியற்காலையில் வண்டி கட்டித் திருச்செங்கோடு வந்து, அங்கே பஸ் ஏறி, சேலம் வந்து சேர்ந்தபோது உச்சிப்பொழுது. வழியில் ஆளுக்கு ஒரு வாழைப்பழம்தான். சத்திரத்துக்குப் பின்னால் வரிசையாக அடுப்புப் போட்ட கொட்டகை ஒன்று இருந்தது. தங்கை தண்ணீர் கேட்டாளென்று அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். பெரியம்மா அப்போதுதான் அரிசிம்பருப்புஞ் சோறு இறக்கிக்கொண்டிருந்தாள். நெய் வாசம் வந்தது. "வா கண்ணு, மூஞ்சியெல்லாம் வாடிக் கெடக்குதே" என்று இரண்டு இலையைப் போட்டாள். வக்கீல் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஞாபகம் இருந்தும் உட்கார்ந்தேன். இரண்டு தடவை வாங்கித் தின்றேன். தங்கைக்குப் பிசைந்து ஊட்டியதும் நான்தான்.

கை கழுவிவிட்டுத் திரும்பினால் அம்மா நிற்கிறாள். என் வாயைப் பார்த்தாள், தங்கையின் கன்னத்தில் ஒட்டியிருந்த பருக்கையைப் பார்த்தாள். முதுகில் ஒன்று வைத்தாள் பாருங்கள், தின்றது அத்தனையும் தொண்டைக்கு வந்துவிட்டது. பெரியம்மா குறுக்கே வந்து, "கொழந்தைய ஏன்டி அடிக்கிறே, பசிக்குத் தின்னுது" என்றாள். பெரியம்மாவுக்குச் சூது வாது தெரியாது. போட்ட சோற்றுக்குப் பின்னால் கோர்ட்டு இருக்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அம்மாவும் அவளை ஒன்றும் சொல்லவில்லை. "நமக்கு அடுப்பு ரெண்டுன்னு பேசுனபடியே இருக்கட்டுங்கக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனாள்.

போய் என்ன செய்தாள் என்றால், கிணற்றடியில் கிடந்த செங்கல் மூன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, சத்திரத்து முன்வாசலில், போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்க்கிற இடத்தில் அடுப்புக் கூட்டினாள். மணியக்காரரின் ஜன்னலுக்கு நேர் கீழே. ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த அரிசியைக் களைந்து உலை வைத்தாள். விறகுக்குத் தென்னை மட்டை பொறுக்கிவந்தாள். அதை நன்றாகத் தண்ணீர் தெளித்து வைத்தாள். புகை வருமா வராதா?

மணியக்காரர் இருமிக்கொண்டே வெளியே வந்தார். "இந்தாம்மா, முத்தத்துல அடுப்புக் கூடாது. சமையலுக்குன்னு பின்னால கொட்டகை இருக்கு."

"அது உங்க பொஸ்தகத்துல இருக்கற குடும்பத்துக்குங்க. நான்தான் அதுல இல்லையே."

"அணை மொதல்ல!"

"எழுதுங்க, அணைக்கிறேன்."

அவர் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றப் போனார். அம்மா அடுப்பை மறைத்துக்கொண்டு நின்றாள். வேலூரிலிருந்தோ எங்கிருந்தோ வெற்றிலைக் கட்டோடு வந்திருந்த ஒரு கூட்டம் நின்று வேடிக்கை பார்த்தது. வெள்ளைச் சேலை கட்டியவள்மேல் தண்ணீரை ஊற்ற அவருக்கு மனசு வரவில்லை. குடத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய் ஜன்னலைச் சாத்திக்கொண்டார். சித்திரை மாதம். ஜன்னலைச் சாத்திக்கொண்டு எவ்வளவு நேரம் இருப்பார்?

சத்தம் கேட்டுப் பெரியப்பா வந்தார். எங்கள் வழக்கத்தில் புருஷனுடைய அண்ணனோடு பெண்கள் முகம் பார்த்துப் பேச மாட்டார்கள். பேச வேண்டியதைப் பிள்ளையிடம் சொல்ல, பிள்ளை அவரிடம் சொல்லும். அதுவரை அம்மாவின் வார்த்தையெல்லாம் என் வாய் வழியாகத்தான் அவருக்குப் போயிருக்கிறது.

"நாலு பேரு பாக்கற எடத்துல இப்படியா? ஊரு சிரிக்காதா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார் பெரியப்பா.

நான் அம்மா சொல்லப்போவதற்குக் காத்திருந்தேன். அம்மா என்னைப் பார்க்கவேயில்லை. தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, நேரே அவர் முகத்தைப் பார்த்து, "சிரிக்கட்டுங்க மாமா. சிரிக்கறவிங்க எல்லாம் நல்லாப் பாத்துட்டுப் போய் ஊர்ல சொல்லட்டும், அவளுக்கு அடுப்பு வேறன்னு" என்றாள்.

நேரே பதில் சொல்லப் பெரியப்பாவுக்கும் வழக்கம் இல்லை. அவரும் என் வழியாகத்தான் பேசிப் பழகியவர். என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். போய்விட்டார்.

மாமன் வக்கீல் வீட்டிலிருந்து திரும்பிவந்து, சங்கதியைப் பார்த்துவிட்டு, அடுப்புக்கு நாலு முழம் தள்ளி வேப்பமரத்தடியில் யாரோ மாதிரி உட்கார்ந்துகொண்டார். எங்கள் மூட்டையும் அந்த மரத்தடிக்கே வந்தது. மறுநாள் காலையில் மறுபடியும் உலை, மறுபடியும் ஈர மட்டை. மத்தியானம் வெயில் தாளாமல் ஜன்னல் திறந்தது. மணியக்காரரின் கண்ணிரண்டும் சிவந்திருந்தன.

"நீ லேசுல விடமாட்டே" என்றார்.

"மாட்டேனுங்க."

பேரேட்டை எடுத்தார். பழைய வரியில் ஐந்து என்பதை அடித்து இரண்டு என்று போட்டார். அதற்குக் கீழே எழுதி, எழுதியதை வாய்விட்டுப் படித்தார்: "குடும்பம் ஒன்று, ஆட்கள் மூன்று. அறை இல்லை. முற்றம்." நிறுத்தினார். "தலைவர் பேர் சொல்லும்மா" என்றார்.

அம்மா சொன்னாள். எங்கள் வீட்டில் அம்மாவின் பெயரை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவள் யாருக்கோ மருமகள், யாருக்கோ பெண்டாட்டி, எங்களுக்கு அம்மா. அந்தப் பெயரை எழுத்தில் பார்த்தது அன்றைக்குத்தான். அதன்மேல் அவள் பெருவிரலை அழுத்தி எடுத்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அடி வாங்கியபோதுகூட வரவில்லை.

அம்மா உடனே அடுப்பை அணைத்தாள். ஆனால் அதற்குள் கொள்ளு வெந்து ரசம் இறங்கியிருந்தது. மணியக்காரர் இன்னும் இருமிக்கொண்டிருந்தார். "இருமலுக்கு நல்லதுங்க" என்று ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தாள். மனுஷன் இரண்டாவது டம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்தார்.

மூன்றாம் நாள் கோர்ட்டு. தாழ்வாரத்தில் நின்றுகொண்டு அம்மா வக்கீலிடம் எல்லாவற்றையும் சொன்னாள், நாங்கள் தின்ற சோறு உட்பட. அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கேட்டா சாப்பிடலைன்னு சொல்லிடுங்க. பாத்தது அவங்க சம்சாரம் மட்டுந்தானே, அந்தம்மாவை யாரும் கூண்டுல ஏத்தப் போறதில்லை" என்றார். அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். நான் மாமனின் கையைப் பிடித்துக்கொண்டு வாசல்படியில் நின்றேன். பக்கத்துத் தோட்டத்துக்காரர் சாட்சி சொல்லி இறங்கினார். அம்மாவைக் கூப்பிட்டார்கள்.

பெரியப்பாவின் வக்கீல் குட்டையானவர், குரல் மட்டும் கணீரென்றிருக்கும். சுற்றி வளைக்காமல் நேரே அதற்கே வந்தார். "முந்தாநாள் சத்திரத்தில் உன் பெண்கள் யார் சமைத்த சோற்றைச் சாப்பிட்டார்கள்?"

வாய்க்கால் வயல், வெற்றிலைக் கொடிக்கால், சாளை எல்லாவற்றையும் நான் இரண்டு கவளத்தில் தின்று தீர்த்துவிட்டேன் என்று நினைத்தேன். அம்மா பொய் சொல்லட்டும் சாமி, சொல்லட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

"எங்கக்கா சமைச்சதைத் தின்னாங்க" என்றாள் அம்மா.

"அக்கா என்றால்?"

"அந்தா நிக்கறாங்களே எங்க மூத்தாரு, அவிங்க சம்சாரந்தானுங்க."

எங்கள் வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். அந்தக் குட்டை வக்கீல் நீதிபதி பக்கம் திரும்பி ஒரு சிரிப்புச் சிரித்தார். "ஆக, ஒரே அடுப்பு. ஒரே குடும்பம். அப்படித்தானே?"

"அதெப்படீங்க ஆகும்?" அம்மா குரல் கோர்ட்டுக்கு வெளியே தெரு வரை கேட்டிருக்கும். "கொழந்தைகளுக்குப் பசிச்சுது, எங்கக்கா போட்டாங்க, தின்னுச்சுக. நானாயிருந்தாலும் அவிங்க கொழந்தைகளுக்குப் போட்டிருப்பேன். ஒரு வேளை சோறு தின்னா ஒரே குடும்பம்னா, நேத்து எங்க உலையில எறக்குன ரசத்தைச் சத்திரத்து மணியக்காரரு ரெண்டு டம்ளர் குடிச்சாருங்க. அவருக்கும் எங்க வாய்க்காக் காட்டுல ஒரு பங்கு எழுதிருங்க சாமி."

முதலில் சிரித்தது பின்னால் நின்ற டவாலிச் சேவகன். பிறகு எல்லாரும். நீதிபதி சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை, குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். பெரியப்பா சிரிக்கவில்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும், நான் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தீர்ப்பு வரப் பல மாதம் ஆயிற்று. பிரிந்த குடும்பம்தான் என்று வந்தது. அப்பாவின் பங்கு அம்மாவுக்கு. பெரியப்பா மேல்கோர்ட்டுக்குப் போகப்போவதாக ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார், போகவில்லை. அதற்குப் பிறகு அவர் இருந்த காலம் வரை இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. பெரியம்மா மட்டும் வாய்க்காலில் துணி துவைக்கும்போது அம்மாவைப் பார்த்துத் தலையாட்டுவாள்.

யுத்த காலத்தில் பெரியப்பா இறந்தார். பெரியம்மாவின் மகன்கள் இரண்டு பேரும் பிரிந்தார்கள். அம்மாக்காரி யார் வீட்டில் இருப்பது என்பதில் தகராறு. ஒரு மாதம் இங்கே, ஒரு மாதம் அங்கே என்று பேசினார்கள். முப்பதாம் தேதி ஒருவன் அனுப்பிவைப்பான், அடுத்தவன், "இந்த மாசம் முப்பத்தொண்ணு, நாளைக்கு வரச் சொல்லு" என்று திருப்பி அனுப்புவான். அப்படி ஒரு முப்பத்தொன்றாம் தேதி காலையில் பெரியம்மா துணிமூட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எங்கள் சாளை வாசலில் வந்து நின்றாள். "ஒரு ஓரமாப் படுத்துக்கறேன் கண்ணு" என்றாள்.

அம்மா மூட்டையை வாங்கி உள்ளே வைத்தாள். பெரியம்மா சும்மா உட்காரத் தெரியாதவள், சேலையைச் செருகிக்கொண்டு நேரே எங்கள் அடுப்பங்கரைக்குப் போனாள். அம்மா அவளைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

"எத்தனை நாள் வேணாலும் இருங்கக்கா. ஆனா உங்களுக்கு அடுப்புத் தனி."

எனக்கு ரத்தம் கொதித்தது. கல்யாணமாகித் தாய்வீட்டுக்கு வந்திருந்தேன், கைக்குழந்தை இடுப்பில். அன்றைக்கு எனக்குச் சோறு போட்டவளை வாசலில் நிறுத்திப் பேசுகிறாளே என்று அம்மாவிடம் கத்தினேன். "ஜெயிச்சது போதாதா? செத்துப்போனவரோட இன்னுமா மல்லுக்கு நிக்கறே?"

"வாயை மூடு" என்றாள் அம்மா. "மொதல்ல மாமியா அடுப்பு, அப்புறம் புருசன் சொன்ன அடுப்பு, இப்ப மருமகளுங்க அடுப்பு. எங்க போனாலும் எந்திரின்னா எந்திரிக்கணும். அவிங்களுக்குன்னு ஒண்ணு வேண்டாமா?"

சாளைக்குக் கிழக்கே புதிதாக இறக்கியிருந்த தாழ்வாரத்தில் அவளே கல்லைக் கூட்டினாள், மண் குழைத்துப் பூசினாள். அரிசியும் பருப்பும் அளந்து வைத்தாள். பெரியம்மா அதன் முன்னால் உட்கார்ந்து, பூசிய மண்ணைத் தடவிப் பார்த்தாள். பிறகு தீப்பெட்டி கேட்டாள். நான் கொடுக்கப் போனபோது, "நீ வெச்சுட்டுப் போ, நானே பத்தவெக்கிறேன்" என்றாள்.

அதற்குப் பிறகு ஆறு வருஷம் இருந்தாள். மகன்கள் வந்து கூப்பிட்டார்கள், போகவில்லை. அந்த அடுப்பில் சாகும்வரை ஒருத்தரையும் கை வைக்க விடவில்லை, அம்மாவைக்கூட.